செல் இறந்தது, நோய் தீரவில்லை

மூலிகை ஒன்று புற்றுநோய் செல்களைக் கொன்றது என்ற செய்தி அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது. மஞ்சள், வேம்பு, கருஞ்சீரகம், முருங்கை, முள் சீத்தா எனச் செடியின் பெயர்தான் மாறுகிறது. இச்செய்திகளில் பல பொய்யல்ல. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் உண்மையிலேயே இறந்திருக்கின்றன. ஆனால் தட்டில் நடந்தது உடலில் நடந்ததாக விற்கப்படுகிறது. பொடியாக, குளிகையாக, கஷாயமாக, புட்டியில் அடைத்த சாறாக விற்கப்படுகிறது. அதைத் தடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் தடுக்கவில்லை. இது தொடர அனுமதிக்கக் கூடாது.

இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர் என்பது சர்வதேச மதிப்பீடு. நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவோர் இங்கு அதிகம். பணமில்லை, பயமாக இருக்கிறது, ஊர் தொலைவு என்று தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது: “மூன்று மாதம் இந்தப் பொடியைச் சாப்பிட்டுப் பார்ப்போம்.” முந்தைய காரணங்களைக் களைய அரசுக்கு நிதி வேண்டும், ஆண்டுகள் வேண்டும். கடைசிக் காரணத்தைக் களைய, இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

தாமதத்தின் விலை அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று, உடலின் பிற பகுதிகளுக்குப் பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டது. முதல் பிரிவினரின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்கைத் தாண்டியது. மாற்று மருத்துவத்தை நாடியவர்கள் வறுமையால் நாடினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பொருளாதார நிலையில் அவர்கள் மேம்பட்டவர்களாகவே இருந்தனர்.

தாவரங்கள் புற்றுநோய்க்கு மருந்து தந்திருக்கின்றனவா என்றால், தந்திருக்கின்றன. நம் வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிதான் அதற்கு முதல் சாட்சி. ஜமைக்காவில் அதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குக் குடித்தார்கள். அதைச் சோதித்த கனடா நாட்டு ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும், சர்க்கரை குறையாததையும் வெள்ளணுக்கள் குறைந்ததையும் கண்டனர். அதற்குக் காரணமான வின்பிளாஸ்டின் 1958-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கான கூட்டுச் சிகிச்சையில் இன்றும் அது முக்கிய மருந்து. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இச்செடி பயிரிடப்படுகிறது. ஆனால் ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். முற்றத்து இலையை அரைத்துக் குடிப்பவருக்கு அதிலிருந்து எந்த நச்சு எவ்வளவு உள்ளே போனது என்று எவராலும் சொல்ல இயலாது.

பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து கடந்து வந்த வழியும் கவனிக்கத்தக்கது. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-இல் சேகரிக்கப்பட்டது. வேதியியலாளர்கள் மன்றோ வாலும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் அதன் வேதிப்பொருளைப் பிரித்து 1971-இல் அமைப்பை வெளியிட்டனர். அது செல்லை எப்படிக் கொல்கிறது என்பதை சூசன் ஹார்விட்ஸ் 1979-இல் விளக்கினார். சினைப்பைப் புற்றுநோய்க்கான அனுமதி 1992-இல்தான் கிடைத்தது. பட்டைக்கும் மருந்துக்கும் இடையில் முப்பது ஆண்டுகள்.

கேம்ப்டோதெசின் என்ற தாவர வேதிப்பொருள் தந்தது இதைவிடக் கடுமையான பாடம். சீன மரமொன்றிலிருந்து அதே வாலும் வானியும் 1966-இல் அதைக் கண்டறிந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரத்திலும் அது இருப்பதைத் தமிழகம் தந்த வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் 1972-இல் வெளியிட்டனர். ஆய்வகத்தில் அது செல்களைத் திறம்படக் கொன்றது. நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் இரத்தப்போக்கு உள்ளிட்ட கடும் பாதிப்புகள் வந்தன, சோதனை நிறுத்தப்பட்டது. அதன் வேதியமைப்பை மாற்றி உருவாக்கிய டோபோடிக்கனும் இரினோடிக்கனும் 1996-இல் அனுமதி பெற்றன. மூலப்பொருள் இன்றளவும் மருந்தாகவில்லை. அந்தச் சோதனைகள் நடக்காமல், தட்டில் செல் இறந்த செய்தியை மட்டும் நம்பி அதைக் கடையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1960 முதல் 1982 வரை அமெரிக்க அரசு நடத்திய தேடலில் சுமார் 35,000 தாவர வகைகள் சோதிக்கப்பட்டன. அவற்றிலிருந்து நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்த மருந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செல்லைக் கொன்ற சாறுகள் பல. மனிதரைக் காத்த மருந்துகள் சில. இந்த விகிதத்தைச் சொல்லாமல் வெளியிடப்படும் எந்த அறிவிப்பும் பாதி உண்மையே.

செல் எப்படி இறக்கிறது என்பது மறைபொருள் அன்று. பழுதடைந்த செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் ஏற்பாடு உடலில் இயல்பாகவே உள்ளது. 1972-இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. புற்றுநோய் செல் இந்த ஏற்பாட்டை முடக்கிவைத்துக்கொள்கிறது. பி53 என்ற காவல் புரதம் கெட்டுப்போயிருக்கும். அல்லது இறப்பைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதம் மிகுந்திருக்கும். வின்கிரிஸ்டின், செல் இரண்டாகப் பிரிவதற்கான நுண்குழாய்களை அமையவிடாமல் தடுக்கிறது. பாக்லிடாக்செல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. கேம்ப்டோதெசின் வழிவந்தவை டிஎன்ஏ இழையில் முறிவுகளை உண்டாக்குகின்றன. சிக்கிக்கொண்ட செல், முடங்கிக்கிடந்த இறப்புக் கட்டளைக்குக் கடைசியில் பணிகிறது.

தட்டில் செல்லைக் கொல்வது கடினமல்ல. உப்பை அளவுக்கு மீறிப் போட்டாலும் தட்டில் உள்ள செல் இறக்கும்; சவர்க்காரக் கரைசலை ஊற்றினாலும் இறக்கும். தட்டில் குடல் இல்லை, கல்லீரல் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை. அங்கே வளரும் செல்களும் நோயாளியின் கட்டியிலிருந்து நேற்று எடுத்தவை அல்ல. உலகெங்கும் பயன்படும் ஹீலா செல்களின் மூலம் 1951-இல் எடுக்கப்பட்டது. தட்டில் நடந்தது தட்டில் நடந்ததே. உடலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வாயால் உட்கொண்டது கட்டி வரை போய்ச் சேருமா, போதிய அளவில் சேருமா, நல்ல செல்லை விட்டுவிடுமா, நோயாளியின் ஆயுள் கூடுமா?

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்குமின் என்ற வேதிப்பொருள் பல வகைப் புற்றுநோய் செல்களைத் தட்டில் கொல்கிறது. இது குறித்த கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் வாய்வழி உட்கொண்ட குர்குமினைக் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. நாளொன்றுக்கு 8 கிராம் கொடுத்த சோதனைகளில்கூட இரத்தத்தில் எட்டிய அளவு சொற்பமே. 2017-இல் வெளியான விரிவான மதிப்பாய்வு ஒன்று, 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், எந்த நோய்க்கும் முறையான ஒப்பீட்டுச் சோதனையில் குர்குமின் வெற்றி பெற்றதில்லை என்று முடிவு கூறியது. பல புரதங்களோடு வினைபுரிவதுபோலத் தோற்றம் காட்டி ஆய்வாளரை ஏமாற்றும் இயல்பும் அதற்கு உண்டு. புற்றுநோயில் அதன் பங்கு குறித்த கட்டுரைகள் சில, படங்களில் கண்ட குறைபாடுகளால் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

முள் சீத்தாப் பழத்தின் கதை இன்னும் தெளிவானது. “கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை” என்ற வாசகத்தோடு அதன் பழமும் இலைத்தூளும் விலைபேசப்படுகின்றன. அந்த எண்ணின் ஊற்று 1990-களில் வெளியான ஆய்வகக் கட்டுரை. பேசப்பட்டது பழமன்று, விதையிலிருந்து பிரித்த ஒரே ஒரு வேதிப்பொருள். சோதிக்கப்பட்டது ஒருவகைக் குடல் புற்றுநோய் செல். சோதித்த இடம் தட்டு. அதைத் தின்ற நோயாளி எவரும் அக்கட்டுரையில் இல்லை. மறுபக்கம், இப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் தொடர்ந்து உட்கொள்ளும் கரீபியத் தீவான குவாதலூப்பில், நடுக்கவாதத்தை ஒத்த நரம்பு நோய்க்கும் அப்பழக்கத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1999 முதல் ஆய்வுகள் எச்சரித்துவருகின்றன. பத்தாயிரம் மடங்கு என்ற எண் கைப்பேசிகளில் சுற்றுகிறது. எச்சரிக்கை சுற்றுவதில்லை.

“இயற்கையானது, பக்க விளைவு இல்லாதது” என்ற விளம்பர வாக்கியத்தை எந்த அதிகாரியும் அனுமதிக்கக் கூடாது. செல்லைக் கொல்லும் ஆற்றல் உள்ள பொருள், அந்த அளவில் நச்சே. வின்கிரிஸ்டின் நாளத்தில் செலுத்த வேண்டிய மருந்து. தவறுதலாகத் தண்டுவட நீரில் செலுத்தினால் பெரும்பாலும் மரணம். பாதாமி விதையிலிருந்து வந்த லேட்ரில் என்ற பொருள், புற்றுநோயைத் தீர்ப்பதாக அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. 178 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 1982-இல் வெளியானபோது, எவருக்கும் குணமில்லை என்பதும், சிலரின் இரத்தத்தில் சயனைடு நச்சளவை நெருங்கியது என்பதும் தெரிந்தன. தாவரங்களில் உள்ள பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதனை நடந்தது. அதன் மாத்திரையை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 1994-இல் தெரியவந்தது.

மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் நட்டமில்லை என்பாரும் உண்டு. நட்டமுண்டு. மனச்சோர்வுக்காக மேலைநாடுகளில் உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடிக்கன் உடலில் மாறித் தரும் செயற்பொருளின் அளவை 42 விழுக்காடு குறைத்ததாக 2002-இல் வெளியான சிறு ஆய்வு காட்டியது. ஒரு தாவரத்தின் மருந்தை இன்னொரு தாவரம் கழித்துவிடுகிறது. அடர்த்தியாக்கிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பதிவுகள் உள்ளன. கல்லீரல் கெட்டால் கீமோதெரபியின் அளவைக் குறைக்க நேரும், சில வேளை நிறுத்தவும் நேரும்.

இந்நிலைக்குப் பொறுப்பாளிகள் யார்? ஆய்வு நிலையங்களிலிருந்து தொடங்க வேண்டும். பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கையே அளவுகோலானபோது, ஏதேனும் ஓர் இலைச் சாற்றை ஏதேனும் ஒரு செல் மீது ஊற்றிப் பார்ப்பது மலிவான வழியாகிவிட்டது. எந்த வேதிப்பொருள் கொன்றது என்று பிரித்தறியாமல், நல்ல செல்லோடு ஒப்பிடாமல், விலங்கு நிலைக்குக்கூடப் போகாமல் முடிந்துவிடும் ஆய்வுகள் பல. அது மாணவப் பயிற்சியாக இருக்கும்வரை தீங்கில்லை. “புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு” என்று நிறுவனமே செய்திக்குறிப்பு அனுப்பும்போது அது பொதுக்கேடாகிறது.

செய்தி ஊடகங்களுக்கும் இதில் பங்குண்டு, நாளிதழ்கள் விலக்கல்ல. தட்டா, எலியா, மனிதரா என்று கேட்காமல் தலைப்பிடும் ஒவ்வொரு செய்தியும் விற்பனையாளருக்குக் கிடைக்கும் இலவச விளம்பரம். கத்தரித்து, படமெடுத்து, கடைச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

விற்பனையாளரின் உத்தி எளிது. லேபிளில் “நோய் எதிர்ப்பாற்றலுக்கு” என்று இருக்கும்; காணொலியில் “புற்றுநோய் கரைந்தது” என்று இருக்கும். குணமானதாகச் சொல்பவர் முன்பே அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவரா என்பது சொல்லப்படாது. குணமாகாதவர் காணொலியில் தோன்றுவதே இல்லை.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையென்று எவரும் கூற முடியாது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே இயற்றப்பட்டது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புற்றுநோய் உள்ளது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க வழிசெய்கிறது. விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரையும் அது பொறுப்பாக்குகிறது. சட்டம் இருக்கிறது. நடைமுறை இல்லை.

நடைமுறை ஏன் இல்லை என்பதற்கும் காரணம் தெரிந்ததே. அதே பொடி உணவென்று உரிமம் பெற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. மரபு மருந்தென்றால் அதற்கான உரிம அலுவலகத்தின் பொறுப்பு. விளம்பரம் வேறொரு துறை. காணொலி இன்னொரு துறை. புகார் கொடுத்தவரின் மனு மேசை மாறிக்கொண்டே இருக்கிறது. நூல்வழி மரபு மருந்துகளுக்கு உரிமம் தரும்போது பொதுவாக அந்நூலே சான்றாகக் கொள்ளப்படுகிறது. நோயாளிகளிடம் சோதித்த ஆதாரம் கேட்கப்படுவதில்லை. 1954-ஆம் ஆண்டின் அபராதமும் தண்டனையும் இன்றைய இணைய வணிகத்தின் ஒருநாள் வருவாயை அச்சுறுத்தக்கூடியவை அல்ல.

இது சித்த மருத்துவத்துக்கோ ஆயுர்வேதத்துக்கோ எதிரான குரல் அன்று. சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் விதி. பொருளின் நச்சை அறிந்து, அளவை அறிந்து, பத்தியம் சொல்லிக் கொடுப்பதே அம்மரபு. கூரியரில் பொடி அனுப்பிப் பணம் வாங்குபவருக்கும் அம்மரபுக்கும் உறவில்லை. முறையாகக் கற்ற மருத்துவரின் பெயரும் இவ்வணிகத்தால்தான் கெடுகிறது. மரபில் உண்மையான பலன் இருந்தால், வின்கிரிஸ்டினை அளந்த அதே கோலால் அதையும் அளக்க வேண்டும். குறைந்த கோலும் வேண்டாம், கூடுதல் கோலும் வேண்டாம்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் புகாருக்காகக் காத்திருப்பதை நிறுத்த வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தாமாகவே தேடி, வழக்குத் தொடுத்து, தொடுத்த வழக்குகளின் பட்டியலைக் காலாண்டுதோறும் பொதுவில் வைக்க வேண்டும். உணவு, மரபு மருந்து, விளம்பரம் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து மாவட்ட அளவில் பதில் சொல்லும் ஓர் அலுவலர் வேண்டும். எந்த மேசைக்கு மனு போக வேண்டும் என்று கண்டுபிடிப்பது நோயாளி குடும்பத்தின் வேலையாக இருக்கக் கூடாது. தண்டனை விற்பனை வருவாயோடு இணைக்கப்பட வேண்டும்.

ஆய்வுக்கு நிதி தரும் அரசு, ஒரு நிபந்தனையை விதிக்கலாம். அரசு நிதியில் நடந்த எந்த ஆய்வைப் பற்றிய செய்திக்குறிப்பிலும் முதல் வரியிலேயே நிலை குறிப்பிடப்பட வேண்டும்: செல்லில் நடந்ததா, விலங்கில் நடந்ததா, எத்தனை மனிதரிடம் நடந்தது. இதற்குக் கூடுதல் செலவில்லை. கூடவே, நூறு சாறுகளை நூறு தட்டுகளில் ஊற்றும் பணத்தைத் திரட்டி, நம்பிக்கை தரும் ஓரிரண்டு வேதிப்பொருட்களையாவது நோயாளிச் சோதனை வரை கொண்டுபோக வேண்டும். தாவர வளம் மிக்க நாடு என்ற பெருமையை மேடைகளில் சொல்லிக்கொண்டே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மூல மரங்களை வேரோடு வெட்டி மூலப்பொருளாக மட்டும் விற்றுக்கொண்டிருப்பது எந்தக் கொள்கையிலும் சேராது.

மருத்துவமனைகளும் ஒன்றைச் செய்ய வேண்டும். பொடியோ கஷாயமோ எடுத்துக்கொள்கிறீர்களா என்ற கேள்வி ஒவ்வொரு நோயாளியிடமும், கடிந்துகொள்ளும் தொனியின்றி, கேட்கப்பட வேண்டும். திட்டுவார்கள் என்ற பயத்தால் மறைப்பவர் பலர். மறைக்கப்பட்ட மூலிகைதான் மருந்தோடு மோதுகிறது.

வாசகர்களிடம் இவ்விதழ் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். மூலிகை செல்லைக் கொன்றது என்று எவரேனும் சொன்னால், எங்கே கொன்றது என்று கேளுங்கள். தட்டில் என்றால், தட்டில் நடந்தது தட்டில் நடந்ததே. சிகிச்சையை ஒருநாளும் தள்ளிவைக்க வேண்டாம். உட்கொள்ளும் எதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். ஏமாற்று விளம்பரத்தைக் கண்டால் தேதியோடு படமெடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். நித்தியகல்யாணியின் மருந்து இன்றும் குழந்தைகள் வார்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. உடலின் பரப்பைக் கணக்கிட்டு, மருத்துவர் கண்முன்னே, நாளத்தின் வழியாக, ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாமல்.